பந்தல் போட மட்டுமா பிள்ளைகள்?

பங்குப் பேரவைக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், கணக்கு வாசித்து, திருவிழா வரி பாக்கியைப் பேசி, கோயில் பெயின்ட் வேலையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்து, எல்லாரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஒருவர் அந்தப் பேச்சை எடுப்பார்: “நம்ம பிள்ளைங்க கோயிலுக்கே வர்றதில்ல ஃபாதர்.” உடனே ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். செல்போன் கெடுத்துவிட்டது. சினிமா கெடுத்துவிட்டது. பெற்றோர் கண்டிப்பதில்லை. பிறகு மருந்தும் வரும்: “அந்தச் சபைகள்ல பாருங்க, டிரம்ஸு, கீபோர்டு, கலர் லைட்டுன்னு அப்படியே இழுத்துடுறாங்க. நாமளும் அந்த மாதிரி ஏதாவது செஞ்சாத்தான் உண்டு.” அடுத்த மாதம் ஓர் இளைஞர் பாசறை நடக்கும். பேனர் கட்டுவார்கள், டி-ஷர்ட் அடிப்பார்கள், பிரியாணி போடுவார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அதே பேச்சு, அதே வார்த்தைகளில் மறுபடி எழும்.

இந்தக் கருத்து பேரவைக் கூட்டத்தோடு நிற்கவில்லை. மறைவட்டக் கூட்டங்களில், மறையுரைகளில், பெற்றோர் புலம்பல்களில் அது யாரும் கேள்வி கேட்காத உண்மையாகிவிட்டது. இளையோர் விலகிப் போகிறார்கள். காலம் கெட்டதுதான் காரணம். கவர்ந்து இழுப்பதுதான் வழி. மூன்றும் தவறு என்பது என் கட்சி. மூன்றாவது தவறு மட்டுமல்ல, தீங்கும் செய்கிறது.

முதலில் ‘வருவதில்லை’ என்பதை எடுத்துக்கொள்வோம். கொடியேற்றத்துக்கு முந்தின இரவு கோயில் வளாகத்தில் போய் நின்று பாருங்கள். கொடிமரத்துக்குக் கயிறு மாற்றுகிறவன் யார்? சீரியல் விளக்குச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கோபுரத்தில் ஏறுகிறவன் யார்? கடைசித் திருநாள் இரவில் சப்பரத்தைத் தோளில் வாங்கி, தெருத் தெருவாக விடிய விடியச் சுமக்கிறவர்கள் யார்? டிசம்பர் பிறந்ததும் குடிலுக்கு வைக்கோலும் சவுக்குக் கம்பும் தேடி அலைகிறவர்கள், புனித வாரத்தில் பாடுகளின் நாடகத்துக்கு இரவெல்லாம் ஒத்திகை பார்க்கிறவர்கள், சாவு வீட்டுக்கு நாற்காலி சுமக்கிறவர்கள், அரசு மருத்துவமனையிலிருந்து ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் பைக்கை எடுக்கிறவர்கள், எல்லாரும் இந்த ‘வராத’ பிள்ளைகள்தான்.

மறையுரை தொடங்கியதும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வீட்டிலேயே படுத்துத் தூங்கியிருக்கலாம். குளித்து, நல்ல சட்டை போட்டு, கோயில் வாசல் வரை வந்துவிட்டுத்தான் வெளியே நிற்கிறார்கள். வீட்டிலிருந்து கோயில் வரை அவர்களே வந்துவிட்டார்கள். வாசலிலிருந்து பீடம் வரை இருக்கும் அந்த ஐம்பதடியை ஏன் கடக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்குச் செல்போனைக் காரணம் காட்ட முடியாது.

வாழ்வும் சாவுமான விஷயம் என்று வந்தபோது அந்த ஐம்பதடியை அவர்கள் கடந்தும் காட்டியிருக்கிறார்கள். 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் போட்ட பந்தலில், கூடங்குளம் அணு உலைக்கு எதிரான உண்ணாவிரதத்தில் பாட்டிமாரோடும் கைக்குழந்தைக்காரிகளோடும் இளையோரும் உட்கார்ந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது, டிசம்பர் 7ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பங்குகளின் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அண்ணனைத் தேடிய தம்பிகளும் அப்பாவைத் தேடிய மகள்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். டிரம்ஸும் கலர் லைட்டும் அவர்களை அங்கே கொண்டுவரவில்லை. தங்கள் துயரமும் தங்கள் கோயிலும் ஒரே இடத்தில் நின்றதால் வந்தார்கள்.

உழைப்பு வேண்டும் என்றால் கூப்பிடுகிறோம், உயிர் போகிற நேரத்தில் தேடுகிறோம். முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை. ஒரு பங்கின் பேரவைக் கூட்டத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. இளைஞர் பிரதிநிதி என்று 22 வயதுப் பையன் ஒருவன், டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன், முதல் தடவையாக வந்திருந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். திருவிழாச் செலவு வாசித்தபோது, ஒலிபெருக்கி வாடகையும் மின்விளக்கு வாடகையும் ஒரே ஆளுக்கு இரண்டு ரசீதாகப் போயிருப்பதைக் கவனித்து, “இது ஏன்னு தெரிஞ்சுக்கலாமாண்ணே?” என்று கேட்டான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். பொருளாளர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: “தம்பி, நீ மைக் செட்டு ஒழுங்கா வருதான்னு மட்டும் பாரு. கணக்கெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க.” பையன் நோட்டை மூடினான். தேநீர் வந்தபோது எழுந்து எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தான். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. சில மாதங்கள் கழித்து அதே பேரவையில், “இளைஞர்கள்ள ஒருத்தனும் வர்றதில்ல” என்று அதே பெரியவர் வருத்தப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

“அனுபவம் இல்லாத வயசு” என்பார்கள். திருச்சபைச் சட்டமே அப்படி நினைக்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 97ஆம் விதிப்படி 18 வயது நிறைந்தவர் முழு உரிமையுள்ள ஆள். 874ஆம் விதிப்படி 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்ற ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தந்தையாகவோ நிற்கலாம். அதாவது இன்னொரு குழந்தையின் விசுவாசத்துக்கு ஆண்டவர் முன் பொறுப்பேற்கலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537ஆம் விதி. திருச்சபையின் நன்மை குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட, இறைமக்களுக்கு உண்டு என்கிறது 212ஆம் விதி. இந்த விதிகளில் ‘கல்யாணமானவர்கள் மட்டும்’, ‘தலைக்கட்டு வரி கட்டுபவர்கள் மட்டும்’ என்று எங்கும் எழுதவில்லை. நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989 முதல் 18 வயதில் ஓட்டுரிமை இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஆளாகிவிட்ட பெண்ணுக்குத் தன் கோயிலின் மின்கட்டண ரசீதைப் பார்க்க வயது போதாது என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

‘இளைஞர்கள்தான் நாளைய திருச்சபை’ என்ற வாக்கியத்தையும் நம் பேனர்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2018 அக்டோபரில் ரோமில் இளையோரைப் பற்றியே ஆயர்கள் மாமன்றம் நடந்தது. அதன் தொடர்ச்சியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று லொரேட்டோவில் கையெழுத்திட்ட ‘கிறிஸ்துஸ் வீவித்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் அந்தப் பழைய பேச்சை வெளிப்படையாகவே மறுத்தார். அவர்கள் உலகின் நாளை மட்டும் அல்லர், இன்றும் அவர்களே. இப்போதே அதை வளப்படுத்துகிறார்கள் என்பது அவர் நிலை. நாளைக்கு என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் இன்றைக்கு வேறு இடம் தேடிக்கொள்வார்கள். அதில் அதிசயப்பட எதுவும் இல்லை.

பிள்ளைகளை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது ஐரோப்பாவிலிருந்து இப்போது வந்த புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் விசுவாசம் வேரூன்றியதே அப்படித்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களையும் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நோயாளிகளுக்காக வந்து ஜெபிக்கச் சொல்லி அழைப்பு குவிந்தபோது அவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. என்ன செய்தார்? ஜெபம் கற்றுக்கொண்ட சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லி, நோயாளிக்காக ஜெபித்தார்கள். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். அந்தப் பையன்களைக் கவர்ந்து இழுக்க அவர் எதுவும் செய்யவில்லை. ‘உன்னால் முடியும், போய் வா’ என்று வேலையைக் கொடுத்தார். இன்றைக்கு அதே கடற்கரையில் ஒரு 15 வயதுப் பிள்ளையை நோயாளி வீட்டில் ஜெபம் நடத்த அனுப்பும் பங்கு எத்தனை இருக்கும்?

தொன் போஸ்கோவையும் நாம் பாதிதான் எடுத்துக்கொண்டோம். பந்து, பாட்டு, வேடிக்கை என்ற பாதி. தூரின் நகரத்தில் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் வந்து தெருவில் நின்ற பையன்களுக்காக அவர் முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். 1852இல் ஒரு தச்சரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பையனை அடிக்கக் கூடாது, வாய்ச்சொல்லால்தான் திருத்த வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. திருநாள்களில் விடுப்பு தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இளையோர் பணி என்றால் அவருக்கு இதுவும்தான். 1859 டிசம்பர் 18 அன்று சலேசிய சபையைத் தொடங்கியபோது அவரோடு அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் கையில் வளர்ந்த இளைஞர்கள். மிக்கேல் ருவாவுக்கு அப்போது 22 வயது, கலியேரோவுக்கு 21. அந்தச் சபை 1906இல் தஞ்சாவூருக்கு வந்து, பிறகு தமிழகமெங்கும் பரவியது. 22 வயதுக்காரனை நம்பியதால் வந்த பலன் அது.

சபைகளைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் சிலர் பெந்தகோஸ்தே கூட்டங்களுக்குப் போகிறார்கள், மறுக்கவில்லை. பாட்டு அவர்களை வாசல் வரை கொண்டுபோகும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் போனவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இசையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார்கள். பிறகு வேறு விஷயம் வரும். இரண்டாவது வாரமே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் போகாதபோது, “ஏம்மா வரல, உடம்பு சரியில்லையா?” என்று போன் வந்தது. அப்பா குடித்துவிட்டு அடிப்பதை ஓர் அக்காவிடம் சொல்ல முடிந்தது. மூன்றாவது மாதம் மைக்கைக் கையில் கொடுத்து, “நீ ஜெபி” என்றார்கள். வேதத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். அவர்களுடைய போதனையோடு எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்கள் நிறைய உண்டு. பயமுறுத்துவதும், மாதாவையும் புனிதர்களையும் இகழ்வதும் உண்டு. ஆனாலும் அந்தப் பிள்ளை அங்கே தேடிப் போனது ஒரு மனிதத் துணையையும் ஒரு பொறுப்பையும். நாம் டிரம்ஸ் மட்டும் வாங்கி வைத்தால், அந்த டிரம்ஸும் நம் கோயிலில் பார்வையாளர்களுக்கு முன்தான் ஒலிக்கும்.

இங்கே இன்னொன்று. கவர்ச்சிக்காக நடத்தும் பாசறைகள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நேரம் வைப்பதில்லை. உறுதிப்பூசுதலுக்கு முந்தைய ஒரு தியானத்தில், 16 வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். அவளோடு படித்த தோழி பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த ஊரில் உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரவில்லை, மணியும் அடிக்கவில்லை. “அவ நரகத்துக்குத்தான் போயிருப்பாளா? அவளுக்காக நான் ஜெபிக்கலாமா, கூடாதா?” என்று கேட்டாள். கேள்வி கேட்கும்போதே அவள் கை நடுங்கியது. தியானம் நடத்த வந்தவர், “அதெல்லாம் ஆண்டவருக்குத்தான் தெரியும்மா, இப்ப எல்லாரும் எந்திரிச்சு நிப்போம்” என்று சொல்லி ஓர் அசைவுப் பாட்டைத் தொடங்கினார். அறுபது பிள்ளைகள் கைதட்டி ஆடினார்கள். அவள் ஆடவில்லை.

அந்தக் கேள்விக்குத் திருச்சபையிடம் பதில் இருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1184ஆம் விதியில், சடங்கு மறுக்கப்படுவோர் வரிசையில் தற்கொலை செய்துகொண்டோர் இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மன உளைச்சலும் அச்சமும் அவர்களுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்கிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்தப் பெண்ணின் ஆயுளுக்கும் அது துணை நிற்கும். தேர்வு முடிவுக்குப் பயந்துகொண்டு அதே வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த வேறொரு பிள்ளைக்கும் அது தேவைப்பட்டிருக்கலாம். பதிலை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பாட்டை எடுத்துக் கொடுத்தோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு விசுவாசத்தில் ஆழம் இல்லை என்று பிறகு குறை சொல்கிறோம்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் கடினமானது சாதியைப் பற்றியது. அதை நேருக்கு நேர் கேட்கிறவர்கள் குறைவு, பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களே அதிகம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பார்கள். 2008 மார்ச்சில் ஏறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தது அவர்கள் மழலையாக இருந்தபோதோ பிறக்கும் முன்போ நடந்தது. ஆனால் சப்பரம் எந்தத் தெரு வரை வரும், எந்தத் தெரு முனையில் திரும்பும் என்பது அவர்களுக்கு இன்றைக்கே தெரியும். அதைச் சுமக்கிறவர்கள் அவர்கள்தானே. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணத்தை வெளியிட்டது. சாதி வேறுபாடு பெரும் பாவம் என்பதை மறைக்காமல் பேசும் ஆவணம் அது. எத்தனை இளைஞர் குழுக்களில் அதை வாசித்துப் பேசியிருப்போம்? ‘கிறிஸ்துவில் நாம் ஒன்று’ என்று பாசறையில் தோளோடு தோள் சேர்த்து ஆடச் சொல்லிவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் தெருவுக்கு ஓர் இளைஞர் அணி வைத்துக்கொள்ள அனுமதித்தால், 20 வயதுப் பையன் நாம் சொன்ன எதை நம்புவான்? இவர்கள் விசுவாசத்தை விட்டு விலகுகிறார்கள் என்று சொல்லும் முன், நாம் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை அவர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

புனிதர்களையும் கவர்ச்சிக்கு ஏற்றபடி வெட்டிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை லியோ இரண்டு இளைஞர்களைப் புனிதர்களாக அறிவித்தார். 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அகுதிஸ் ஒருவர். 24 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த பியர் ஜோர்ஜோ பிரசாத்தி இன்னொருவர். அகுதிஸின் படம் உடனே எல்லாப் பேனர்களிலும் ஏறியது. கணினி, ஜீன்ஸ், ஸ்னீக்கர் ஷூ, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று. அதே பிள்ளை தன் பங்கில் மறைக்கல்வி கற்பித்தான், வீடற்றவர்களுக்குத் தன் கைக்காசைச் செலவிட்டான் என்பது பேனரில் வராது. பிரசாத்தி நம் பக்கம் அவ்வளவாக வரவே இல்லை. செல்வாக்குள்ள பத்திரிகை அதிபரின் மகன். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து தூரின் சேரிகளில் சுற்றியவர். கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் இருந்தவர், ஓர் அரசியல் கட்சியின் உறுப்பினர், பாசிசத்தை எதிர்த்து வீதியில் நின்றவர். 1925இல் அவர் இறந்தபோது அடக்கத்துக்குத் திரண்டு வந்த ஏழைகளைப் பார்த்துத்தான் குடும்பத்தாருக்கே தங்கள் பிள்ளை யார் என்று தெரிந்தது. இந்தக் கதையை முழுசாகச் சொன்னால் நம் பிள்ளைகள் அரசியல் பேசிவிடுவார்களோ என்று பயப்படுகிறோம். பேசட்டும். அதே 1925இல் பெல்ஜியத்தில் யோசேப்பு கார்டைன் என்ற குரு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை முறையாக நிறுவினார். தொழிலாளிப் பிள்ளைகள் தங்கள் வேலையிடத்தைத் தாங்களே பார்த்து, நற்செய்தியின் வெளிச்சத்தில் எடைபோட்டு, செயலில் இறங்க வேண்டும் என்ற முறை அவருடையது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தன் சமூகச் சுற்றுமடலில் அதை ஏற்றார். தமிழகத்திலும் அந்த வழியில் மாணவர் இயக்கங்களும் தொழிலாளர் இயக்கங்களும் ஒரு தலைமுறையையே உருவாக்கின. தொழிற்சங்கத்திலும் ஆசிரியர் பணியிலும் ஊராட்சியிலும் இருந்த பல கத்தோலிக்கப் பெரியவர்கள் அங்கே பேசக் கற்றவர்கள். அந்த வாராந்தரக் கூட்டங்களின் இடத்தில் ஆண்டுக்கு ஒரு பாசறை வந்ததைத்தான் நாம் வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டோம்.

‘இளைஞர்’ என்று எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைப்பதையும் நிறுத்த வேண்டும். 14 வயதுச் சிறுமியும் 28 வயது ஆணும் ஒரே குழுவில் இருப்பது இருவருக்குமே நல்லதல்ல. சிறுமியின் பாதுகாப்பு முதல் காரணம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தனிக் குழுவும், எப்போதும் இரண்டு பெரியவர்களும், பெற்றோருக்குத் தெரிந்த நேரமும் இடமும் வேண்டும். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, “பொம்பளப் பிள்ளைங்க வர்றதில்ல” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. பெண்கள் முறைப்படி வாசகராகவும் பீடத்துணைவராகவும் நியமனம் பெறத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார். அந்தச் செய்தி பல பங்குகளில் ஆண்டுகள் கழிந்தும் அறிவிப்பாகக்கூட வரவில்லை.

28 வயதுக்காரனின் பாடு வேறு. அவன் ஊரில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, பெங்களூரு அலுவலகத்திலோ, வளைகுடாவிலோ இருக்கிறான். சென்னையில் ஒரு பிஜி அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் பெண் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குப் போகிறாள். கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், நன்மை வாங்குகிறாள், திரும்புகிறாள். அந்தக் கோயில் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. சொந்தப் பங்கில் பெயர் இருக்கிறது, ஆனால் அவளை நினைக்க யாரும் இல்லை. மறுபடி அவள் பெயர் சொந்தப் பங்கில் எழுவது திருமண ஓலைக்காக அவள் குடும்பம் வரும்போதுதான். அப்போது முதல் பேச்சு வரி பாக்கி. நாம் அவளைத் தேடியது அவள் விசுவாசத்துக்காக இல்லை என்று அவளுக்குப் புரியாதா? இவள் விலகிப் போனவள் இல்லை. நாம் தொலைத்துவிட்டவள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பொறுப்பைக் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். வரும். பெரியவர்கள் பேரவையில் சண்டை இல்லையா? பணம் கைமாறிப் போகும் என்பார்கள். ரசீதும் தணிக்கையும் இருந்தால் யார் கையிலும் போகாது. இல்லாவிட்டால் பெரியவர் கையிலும் போகும். பங்குத்தந்தைக்கு நேரம் இல்லை என்பார்கள். உண்மை. நாலு கிளைக் கிராமம், பள்ளிக்கூட நிர்வாகம், கட்டட வேலை என்று ஓடுகிற குருவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றலும் வந்துவிடும். அதனால்தான் இந்தப் பணி குருவின் தலையில் மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன். ஊரிலேயே இருக்கிற ஓர் ஆசிரியை, ஒரு நர்ஸ், ஒரு லேத் பட்டறைக்காரர், கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஓர் அம்மா. இப்படி நாலைந்து பேர் பத்து ஆண்டுகளுக்கு நகராமல் இந்தப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மறைமாவட்டம் பணம் செலவழிக்க வேண்டும். திருவிழாவின் ஓர் இரவு இன்னிசைக் கச்சேரிக்குப் பல பங்குகள் கொடுக்கும் தொகையே அந்தப் பயிற்சிக்குப் போதும்.

செய்ய வேண்டியது இதுதான்: பேரவையில் 18 முதல் 30 வயதுக்குள் குறைந்தது நான்கு பேர், அதில் இருவர் பெண்கள். மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள அதே குரல் அவர்களுக்கும் இருக்க வேண்டும். நிதிக்குழுவில் ஒருவர். கணக்கை அவர்களில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை திருப்பலி முடிந்ததும் மக்கள் முன் வாசிக்க வேண்டும். உறுதிப்பூசுதல் முடிந்த அன்றே மறைக்கல்வியை மூட்டை கட்டாமல், கேள்விகளை எழுதிப் போட ஒரு பெட்டியும், அவற்றுக்குப் பதில் சொல்ல மாதம் ஒரு மாலையும் வேண்டும். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்து வர வேண்டும். முதல் வேலையாக, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எழுதலாம். பெயர், இருக்கும் ஊர், செய்யும் வேலை, தொலைபேசி எண். அதை எழுதும் பொறுப்பை அன்பியங்களில் இருக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். எந்த வீட்டு அண்ணன் எங்கே இருக்கிறான் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியல் கைக்கு வந்ததும் பங்குத்தந்தை வாரத்துக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பேசட்டும். வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிட்டாயா, வேலை எப்படி, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டால் போதும்.